அவருக்காக விட்ட முடிச்சு

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை. அவர் ஓடிப்போகவுமில்லை, மனசு மாறவுமில்லை. லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நானே பல தடவை சிரித்திருக்கிறேன்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்போம். எழுபதுகளில் புதுச்சேரியில் சொல்தா மாப்பிள்ளை கிடைத்தால் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தலைகால் புரியாது. என் அப்பா மில் தொழிலாளி. சங்கு ஊதினால் எழுந்து, அடுத்த சங்கு ஊதினால் படுத்த மனிதர். அப்படிப்பட்ட வீட்டுக்கு, ரெட்டியார்பாளையத்துக்கு, டவுனிலிருந்து ஒரு சொல்தா பெண் பார்க்க வந்தார் என்றால் தெருவே வாசலில் நின்றது.

அரை மணி நேரம் இருந்திருப்பார். காப்பியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்குக் குளிர் தாங்குமா?"

தாங்கும் என்றேன். மார்கழிப் பனியைத் தவிர எந்தக் குளிரும் அறியாதவள் நான். ஆனால் என்னிடம் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சமைப்பாளா, தையல் தெரியுமா என்பதையெல்லாம் அம்மாவிடம் கேட்பார்கள். இவர் என்னிடம் கேட்டார், எனக்குத் தாங்குமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவரைக் கட்டிக்கொள்ளத் தயாரானேன். பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன.

அவர் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனார். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் லீவில் வந்து கல்யாணம் என்று பேச்சு. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஞாயிற்றுப் பூசைகளில் ஓலை வாசித்தாயிற்று. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படிப்பார். அதற்குப் பெயர்தான் ஓலை. பத்திரிகையும் கொடுத்து முடித்த பிறகு தந்தி வந்தது. அவருடைய படைப்பிரிவை ஆப்பிரிக்காவுக்கு, ஜிபூத்திக்கு, அனுப்புகிறார்கள். லீவு ரத்து. அடுத்து எப்போது என்று தெரியாது.

அம்மா ஒப்பாரி வைக்காத குறை. அவருடைய அம்மா, அதாவது என் மாமியார், அசரவே இல்லை. மூத்த மகனை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கெல்லாம் பயந்தா ஆவுமா? சைகோன்ல பிரெஞ்சுப் பட்டாளம் இருந்த காலத்துல எங்க தெருவுல ரெண்டு பேரு இப்படித்தான் கட்டிகினாங்க. மாப்ள அங்க, பொண்ணு இங்க. அவன் ஒருத்தருக்கு அதிகாரம் எழுதி அனுப்புவான். அவரு கோயில்ல அவனுக்குப் பதிலா நின்னு சம்மதம் சொல்லுவாரு. கல்யாணம் ஆயிட்டா பொண்ணு பிரான்சுக்குப் போவப் பேப்பர் போட்டுடலாம். ஆவலன்னா வருசக்கணக்குல உக்காந்துகினு இருக்கணும்."

அதிகாரப் பத்திரம் வந்து சேர்ந்தது. தனக்குப் பதிலாக நிற்கத் தன் அண்ணனை நியமித்திருந்தார். என்னிடமும் சம்மதமா என்று கேட்டார்கள். பந்தக்கால் நட்டுவிட்டுக் கேட்டார்கள். சம்மதம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் விஷயம் எங்கள் பங்குச் சாமியார் தலையில் விழுந்தது.

சாமியாருக்கு ஆஸ்துமா. பக்கத்தில் போனாலே தைல வாசனை. மூச்சு வாங்கிக்கொண்டே கத்துவார், கத்திவிட்டு இன்னும் மூச்சு வாங்குவார். ஆயர் இல்லத்துக்குப் போய் அனுமதி வாங்கிவந்து, எங்களைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமியார் நாற்காலியில்.

"அனுமதி கெடைச்சிடுச்சு. ஆனா இப்படி ஒரு கல்யாணத்த நான் நடத்தினதே இல்ல. நீங்கல்லாம் என்னமோ நான் வருசத்துக்குப் பத்து நடத்துற மாதிரி வந்து உக்காந்திருக்கீங்க" என்றார்.

முதல் சிக்கல் கை. வழக்கமாக மாப்பிள்ளையும் பெண்ணும் வலது கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுக்க வேண்டும். என் பக்கத்தில் நிற்கப்போகிறவர் என் மூத்தார். புருஷனின் அண்ணன் கையை ஊர் பார்க்கப் பிடித்துக்கொண்டு நிற்பதா? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவரு கையப் பிடிக்க மாட்டேன் சாமி" என்றேன்.

"உன்னை யாரு பிடிக்கச் சொன்னா? நான் பேசி முடிக்கிறதுக்குள்ள என்ன அவசரம்?" என்று மேசையைத் தட்டினார். தட்டிவிட்டு நெடுநேரம் மூச்சு விட்டார். பிறகு, பீடத்தில் இருக்கும் சிலுவையை இறக்கி முன்னால் வைப்பது, நான் அதன் மேல் கையை வைப்பது, மூத்தார் ஒரு கை தூரம் தள்ளி நின்று வாயால் மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று.

அடுத்தது வார்த்தை. "உம்மை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்" என்று மூத்தாரைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதை நான் சொல்லவே முடியாது என்றேன். சாமியார் பென்சிலை எடுத்து அடித்து அடித்து எழுதினார். கடைசியில் "இங்கே இல்லாத இவரை" என்று வந்தது. பெயரைச் சொல்லி, இங்கே இல்லாத இவரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். 'இல்லாத' என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

"சத்தமா சொல்லணும். பின்னால ஒக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கணும்" என்றார்.

"கேட்டு அவங்க இன்னா பண்ணப் போறாங்க?"

"வாய் ரொம்ப நீளம் ஒனக்கு" என்றார். ஆனால் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை.

மாமியார் மகனின் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, என் பக்கத்து நாற்காலியில் வைக்கலாம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சட்டம் போட்ட போட்டோவை நாற்காலியில் வைத்துக் கும்பிடுவது எந்த வீட்டில் என்று அவருக்குத் தெரியாதா? நான் வாயைத் திறப்பதற்குள் சாமியாரே, "கோயில்ல போட்டோ கீட்டோ வேணாம். நாற்காலி காலியாவே இருக்கட்டும்" என்று வாயை அடைத்துவிட்டார்.

இதையெல்லாம் ஒருவழியாகத் தாண்டி வந்தோம். தாலியில் வந்து நின்றுவிட்டோம்.

தாலியை யார் கட்டுவது? மூத்தார் கட்ட முடியாது. அதைப் பற்றிப் பேசக்கூட யாருக்கும் நாக்கு எழவில்லை. மாமியார், தான் கட்டுவதாகச் சொன்னார். அம்மா உடனே சரி என்றாள். சாமியார் சொன்னார், "திருச்சபைக்கு வாயால சொல்ற சம்மதம் போதும். தாலி நம்ம வழக்கம். மந்திரிச்சுக் கொடுக்கிறது என் வேல. யாரு கட்டுறதுங்கிறது உங்க பாடு."

"அப்ப அவரே வந்து கட்டட்டும். அதுவரைக்கும் பொட்டியில இருக்கட்டும்" என்றேன்.

அம்மா துள்ளி எழுந்தாள். "ஏண்டி, கல்யாணம் ஆனவள்னு சொல்லிகினு வெறுங் கழுத்தோட எந்த மொகத்த வச்சிகினு நீ தெருவுல நடப்ப? நாலு பேரு நாலு விதமா பேசுறதுக்கா ஒன்னப் பெத்து வளத்தேன்?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. தெரு பேசும். ஆனால் எனக்கு அவரிடமிருந்து அந்தக் கல்யாணத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கை இல்லை, குரல் இல்லை, முகம் இல்லை. கழுத்துக்குப் பின்னால் அவர் விரல் பட்டு ஒரு முடிச்சு விழ வேண்டும். அதையும் வேறு யாரோ கட்டிவிட்டால் அவர் எதற்கு, நான் யாரைக் கட்டிக்கொண்டேன்? இதை இப்படி அன்று சொல்லத் தெரியவில்லை. "மாட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அழுதேன். மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாமியார் தைல டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு கேட்டார், "மொதல் முடிச்சு மாப்ள போடுறது. அடுத்த ரெண்டு நாத்தனாரு போடுறது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப நாத்தனாரு அவ பங்கு ரெண்ட இப்ப போடட்டும். தாலி கழுத்துல நிக்கும், ஊரு வாயும் மூடும். மாப்ள முடிச்சு பாக்கி இருக்கட்டும். அவன் வந்த ஒடனே இங்க கூட்டிகினு வா. அந்த ஒண்ண நான் போட வைக்கிறேன்."

"மொதல் முடிச்சு கடைசியா வருமா சாமி?" என்றாள் அம்மா.

"வரிச மாறினா ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. போய்ப் பொழப்பப் பாருங்க."

அப்படித்தான் நடந்தது. சிலுவை மேல் கை வைத்து, 'இங்கே இல்லாத' என்பதைப் பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மூத்தார் பாவம், பள்ளிக்கூடப் பையன் மாதிரி வியர்த்து வழிந்து ஒப்பித்தார். சாமியார் தாலியை மந்திரித்து நாத்தனார் கையில் கொடுத்தார். புறா பொறித்த சின்னத் தாலி, மஞ்சள் கயிறு. அவள் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு என் தோளில் லேசாகத் தட்டினாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பூசை முழுக்க அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தேன், கழுத்து வலித்தது.

எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். மாப்பிள்ளை மாலை.

மாலை கட்டுகிறவரிடம் வழக்கம்போல ஜோடி மாலை சொல்லியிருந்தார்கள். பந்தலில் என்னை உட்கார வைத்தபோது இன்னொரு மாலை தாம்பாளத்தில் சும்மா கிடந்தது. கோயிலில்தானே போட்டோ வேண்டாம் என்றார்கள் என்று மாமியார் பந்தலுக்குப் போட்டோவைக் கொண்டுவந்திருந்தார். சட்டம் போட்டு, நாற்காலியில், என் பக்கத்தில். பெற்ற பிள்ளைக்கு மாலை இல்லாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போல. தாம்பாளத்திலிருந்து மாலையை எடுத்து ஆசையாகப் போட்டோவுக்குப் போட்டுவிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. போட்ட பிறகுதான் அவருக்கும் உறைத்தது. "ஐயோ சாமி, ஐயோ என் சாமி" என்று அலறிக்கொண்டு பிய்த்து எடுத்தார். எடுத்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் வாங்கவில்லை. மூத்தார் இரண்டு அடி பின்னால் போனார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. எழுந்து போய் அவர் கையிலிருந்து மாலையை வாங்கி, ஏற்கெனவே போட்டிருந்த மாலைக்கு மேல் நானே போட்டுக்கொண்டேன். "எனக்கும் அவருக்கும் சேத்து நான் போட்டுக்கறேன் அத்தை. உக்காருங்க" என்றேன். போட்டோக்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். ரெட்டை மாலை போட்டுக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்திருக்கிற அந்தப் படம்தான் என் கல்யாணப் படம். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.

அதற்குப் பிறகு மாமியார் வீடு. புருஷன் இல்லாத புகுந்த வீட்டில் மருமகளுக்கு இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். நாத்தனாரோடு கூடத்தில் படுத்தேன். அவளும் கல்யாணமாகிப் போன பிறகு தனியாகப் படுத்தேன். பேப்பர் இந்த ஆபீசில் இருக்கிறது, அந்த ஆபீசில் இருக்கிறது என்று மூத்தார் சொல்லிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வரும். சூடு அதிகம், சுகமாயிருக்கிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள். எல்லாக் கடிதமும் ஒன்றுபோல இருக்கும். மார்க்கெட்டுக்குப் போனால் மீன்காரி கூட, "இன்னா, ஒங்க வூட்டுக்காரரு வந்துட்டாரா?" என்பாள். வருவாரு என்பேன். சாயங்காலம் கடற்கரைக்குப் போக ஆசையாக இருக்கும். ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் தனியாகப் போய் நிற்க மனசு வராது. கோயிலுக்குப் போனால் சாமியார் பீடத்திலிருந்தே என் கழுத்தைப் பார்ப்பார். இன்னும் இல்லை என்று தலையாட்டுவேன்.

மஞ்சள் கயிறு நிலைக்கிற சாமான் இல்லை. கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்து நைந்துபோகும். முதல் தடவை அறுந்தது நான் குளித்துக்கொண்டிருந்தபோது. வீட்டில் யாரும் இல்லை. நல்ல வேளை, தாலி தண்ணீரோடு போகவில்லை. கூப்பிட ஆளில்லாமல் ஈரத்தலையோடு உட்கார்ந்து, புதுக் கயிற்றில் மஞ்சள் தேய்த்து, தாலியைக் கோத்து, கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நானே இரண்டு முடிச்சுப் போட்டேன். மூன்றாவதைப் போடவில்லை. கயிறு மாற்றும்போதெல்லாம் அப்படித்தான். இரண்டு போடுவேன், ஒன்றை விட்டுவிடுவேன்.

அவர் வந்தபோது எண்பதுகள் பிறந்திருந்தன. இளைத்து, கறுத்து, முன்நெற்றி ஏறிப்போய் வந்தார். கூடத்தில் எல்லாருக்கும் நடுவில் என்னைப் பார்த்து, "நல்லாருக்கியா?" என்றார். நல்லாருக்கேன் என்றேன். வெளியாரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் வெளியார்தானே, நான் அவரைப் பார்த்தது மொத்தமே அரை மணி நேரம்.

மறுநாள் காலை சாமியாரிடம் அழைத்துப் போனேன். வழியில் கல்யாணப் படம் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கெடைச்சுது. யாருக்கும் காட்டல."

"ஏன்?"

"காட்டி இன்னான்னு சொல்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது கூச்சமாக இருந்திருக்கிறது.

சாமியார் அதற்குள் ரொம்பத் தளர்ந்துவிட்டார். செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்து கோயில் கதவைத் திறந்தார். எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. நான் பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். முடியை விலக்கினார். அப்புறம் கை அசையவில்லை.

"இது யாரு போட்ட முடிச்சு? தங்கச்சியா?"

"இல்ல. அவ போட்டதெல்லாம் எப்பவோ அறுந்துபோச்சு. நான்தான் போட்டேன்."

கோயிலில் சாமியார் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு விரல்கள் பட்டன. சொரசொரவென்று இருந்தன. வழக்கமான முடிச்சு இல்லை, ஏதோ சுற்றிச் சுற்றி இழுத்தார், கூடாரக் கயிறு கட்டுகிற பழக்கம் போல. இறுக்கியபோது கழுத்து லேசாகப் பின்னால் போனது. சாமியார் சிலுவை வரைந்தார். இத்தனை வருஷமாக நான் கேட்டது இதுதான், கிடைத்துவிட்டது.

"முடிஞ்சுதா சாமி? போலாமா?" என்று கேட்டார் அவர்.

லீவு முடிகிற வரை நன்றாக இருந்தார். கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பேச ஆரம்பித்து, கொஞ்சம் பழகி, அவர் தூக்கத்தில் எந்தப் பக்கம் புரள்வார் என்று எனக்குத் தெரிய வந்தபோது மெட்ராசுக்குப் போய் விமானம் ஏறிவிட்டார். பேப்பர் சீக்கிரம் வந்துவிடும் என்றார். அது வந்து, அவர் கேட்ட குளிரை நான் பார்த்தது வெகுநாள் கழித்து.

அந்த வருஷ மழையில் கயிறு மறுபடி நைந்து அறுந்தது. வழக்கம்போலப் புதுக் கயிறு எடுத்து, மஞ்சள் தேய்த்து, இரண்டு முடிச்சுப் போட்டேன். மூன்றாவதையும் இந்தத் தடவை போட வேண்டும். அவர் போட்ட மாதிரியே போட ஆசைப்பட்டேன். அறுந்த கயிற்றை விளக்குப் பக்கம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருடைய முடிச்சு மஞ்சளும் அழுக்கும் ஏறி உருண்டையாக இறுகிக் கிடந்தது. எந்த இழை எதற்குள் போகிறது என்று தெரியவில்லை. நகத்தால் நெம்பினேன், வரவில்லை. அவர் கட்டியபோதும் நான் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் அல்லவா நடந்தது.

கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், எனக்குத் தெரிந்த முடிச்சையே மூன்றாவதாகவும் போட்டுக்கொண்டேன்.